ஒரே இரண்டு இன்ஜின்கள், பதின்மூன்று தொடக்கங்கள்: 2017 ஆல்ஃபாஸீரோ – ஸ்டாக்ஃபிஷ் போட்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

இரண்டு செஸ் இன்ஜின்களில் (செஸ் ஆடும் கணினி நிரல்களில்) எது பலமானது என்று தெரிய வேண்டுமானால் மோதவிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் எந்த நிலையிலிருந்து மோதவிடுவது? பலரும் இதை ஏதோ அமைப்புப் பக்கத்தில் டிக் செய்துவிட்டுப் போகிற விஷயமாக நினைக்கிறார்கள். சோதனையின் முடிவையே அது எவ்வளவு தூரம் மாற்றிவிடும் என்பதற்கு, எனக்குத் தெரிந்து, டிசம்பர் 2017-இல் வெளியான ஆல்ஃபாஸீரோ – ஸ்டாக்ஃபிஷ் போட்டியைவிடத் தெளிவான சான்று இல்லை. அந்தப் போட்டியைப் பற்றி வந்த பேச்சில் பெரும்பகுதி வன்பொருளையும் நேரக் கட்டுப்பாட்டையும் சுற்றியே போனது. இங்கே தொடக்க நிலைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சம்பந்தப்பட்ட ஆட்களின் பெயர் இதற்குத் தேவையில்லை. ஒரு பக்கம் ஆல்ஃபாஸீரோவை உருவாக்கிய டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் குழு, இன்னொரு பக்கம் ஸ்டாக்ஃபிஷை எழுதிவந்த தன்னார்வலர்கள், சுற்றிலும் கணினிச் செஸ்ஸில் பல ஆண்டுகள் பழகியவர்கள் என்று வைத்துக்கொண்டால் போதும்.

பின்னணி

இன்ஜின்களை வழக்கமான தொடக்க நிலையிலிருந்தே மோதவிட்டால் இரண்டு தொல்லைகள் வரும். இரண்டும் கணக்குப் போடும் நிரல்கள் என்பதால் ஒரே சில ஓப்பனிங்குகளுக்கே (தொடக்க நகர்த்தல் வரிசைகளுக்கே) திரும்பத் திரும்பப் போகும். நூறு ஆட்டம் நடந்தாலும் நூறு வெவ்வேறு கேள்விகள் கேட்கப்பட்டதாக ஆகாது. இன்னொன்று, இன்ஜினோடு வரும் ஓப்பனிங் புத்தகம், அதாவது முன்கூட்டியே தயாரித்த தொடக்க நகர்த்தல்களின் தொகுப்பு. புத்தகத்தைத் தயாரித்தவரின் உழைப்பு எது, இன்ஜினின் பலம் எது என்று பிரிக்க முடியாமல் போய்விடும்.

இதற்கான மாற்று வழி பழையது. 1990-களில் கிராண்ட்மாஸ்டர் ஜான் நன் 10 நிலைகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். புத்தகத்தை அணைத்துவிட்டு, ஒவ்வொரு நிலையிலும் இரண்டு இன்ஜின்களும் ஒருமுறை வெள்ளை, ஒருமுறை கறுப்பு என்று ஆடும். நன் சோதனை என்று பெயர் பெற்ற இது வீட்டுக் கணினியில் இன்ஜின்களை ஒப்பிட்டவர்களிடம் பரவலாகப் புழங்கியது. 2010-இல் தொடங்கிய, இன்ஜின்களுக்கான டிசிஇசி போட்டியின் இறுதிச் சுற்றும் இதே அடிப்படையில்தான் நடக்கிறது: 50 ஓப்பனிங்குகள், ஒவ்வொன்றும் நிறம் மாற்றி இருமுறை, மொத்தம் 100 ஆட்டம். ஸ்டாக்ஃபிஷின் சொந்தச் சோதனைக் களமான ஃபிஷ்டெஸ்ட் 2013-இல் வந்தது. நிரலில் செய்யும் ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் பழைய பதிப்போடு ஆயிரக்கணக்கில் மோதவிட்டு, தேறினால் மட்டுமே சேர்ப்பார்கள். அங்கும் ஆட்டங்கள் முதல் நகர்த்தலிலிருந்து தொடங்குவதில்லை. ஏற்கெனவே சில நகர்த்தல்கள் ஆடப்பட்ட நிலைகளின் தொகுப்பு ஒன்றிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படும்.

இதன் பொருளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஸ்டாக்ஃபிஷின் நிரல் வரிகளும் அதன் மதிப்பீட்டு எண்களும் பல ஆண்டுகளாக, ஓப்பனிங் ஓரளவு முடிந்த நிலைகளிலிருந்து சோதித்துச் சோதித்துச் செதுக்கப்பட்டவை. வெறும் பலகையில் முதல் நான்கைந்து நகர்த்தல்களை எப்படி ஆடுவது என்பதை யாரும் அதற்கு அக்கறையோடு சொல்லித்தரவில்லை. புத்தகம் பார்த்துக்கொள்ளும், அல்லது போட்டி நடத்துபவர் கொடுக்கும் நிலை பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தார்கள். ஆல்ஃபாஸீரோ இதற்கு நேர் எதிர். நரம்பு வலைப்பின்னலால் ஆன அது தன்னோடு தானே ஆடிக் கற்றது, ஒவ்வொரு ஆட்டத்தையும் வழக்கமான தொடக்க நிலையிலிருந்தே தொடங்கியது. அந்த நிலை அதன் சொந்த வீடு.

டிசம்பர் 2017: ஆடப்பட்டவை

முன்பதிப்பாக வெளியான கட்டுரையில் இரண்டு விதமான ஆட்டங்கள் இருந்தன. முதலாவது, தொடக்க நிலையிலிருந்து 100 ஆட்டங்கள். எதிராளி ஸ்டாக்ஃபிஷ் 8, நகர்த்தலுக்கு ஒரு நிமிடம், 64 த்ரெட் (இணையாக ஓடும் தேடல்கள்), 1 ஜிபி ஹேஷ் (ஆராய்ந்த நிலைகளைச் சேமிக்கும் நினைவகம்), ஓப்பனிங் புத்தகம் கிடையாது. ஆல்ஃபாஸீரோ 28 வென்றது, 72 டிரா, தோல்வி இல்லை. செய்திகளில் உலகம் முழுக்கப் போனது இந்த எண்தான்.

இரண்டாவது தொகுதி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. மனிதர்கள் அதிகம் ஆடும் 12 ஓப்பனிங்குகளை எடுத்துக்கொண்டார்கள். ஓர் இணையத் தரவுத்தளத்தில் ஒரு லட்சம் முறைக்கு மேல் ஆடப்பட்டிருக்க வேண்டும் என்பது தேர்வின் அளவுகோல். ஒவ்வொன்றிலும் 100 ஆட்டங்கள், பாதி வெள்ளையில், பாதி கறுப்பில். மொத்தம் 1200. இதில் ஆல்ஃபாஸீரோவுக்கு 290 வெற்றி, 886 டிரா, 24 தோல்வி.

குழுவின் இந்த இரண்டாவது முடிவைப் பாராட்டியே ஆக வேண்டும். தொடக்க நிலை ஆட்டங்களோடு நிறுத்தியிருந்தால் நமக்கு ஒரே ஒரு எண்தான் கிடைத்திருக்கும். அளவுகோலை முன்பே சொல்லி, பன்னிரண்டையும் தனித்தனியாக, வெள்ளை கறுப்பு பிரித்து அட்டவணையாகக் கொடுத்ததால்தான் இன்று இந்த ஆய்வை எழுதவே முடிகிறது.

அட்டவணை காட்டியது

வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை என்று கூட்டினால், நூற்றுக்கு ஆல்ஃபாஸீரோ எடுத்த புள்ளிகள் இப்படி வருகின்றன: பிரெஞ்சு டிஃபென்ஸ் 71.5, ரூய் லோபஸ் 66, காரோ-கான் 64, ராணிச் சிப்பாய் ஆட்டத்தின் ஒரு வகை 63.5, இங்கிலீஷ் 63, ராணிச் சிப்பாய் ஆட்டத்தின் இன்னொரு வகை 60.5, ரெட்டி 59.5, சிசிலியன் மூன்று வகைகளில் 58.5, 56.5, 55.5, குயின்ஸ் கேம்பிட் 57.5, கிங்ஸ் இண்டியன் 57.

இதை எலோ (ஆடுபவரின் பலத்தை அளக்கும் மதிப்பெண்) வித்தியாசமாக மாற்றிப் பார்த்தால் விஷயம் உறைக்கும். வழக்கமான சூத்திரப்படி 55.5 சதவீதம் என்பது சுமார் 38 எலோ. 71.5 சதவீதம் என்பது சுமார் 160. தொடக்க நிலையில் கிடைத்த 64 சதவீதம் 100 எலோ. பன்னிரண்டையும் சேர்த்த சராசரி 61.1 சதவீதம், அதாவது 78 எலோ. அதே இரண்டு இன்ஜின்கள், அதே இயந்திரங்கள், அதே நேரம். மாறியது தொடக்கம் மட்டும்தான்.

நூறு ஆட்டத்துக்கு இவ்வளவு ஏற்றத்தாழ்வு தற்செயலாகவே வருமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெற்றி, டிரா, தோல்வி எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டால் ஒவ்வொரு நூறுக்கும் பிழை இரு பக்கமும் சுமார் 5 சதவீதம் வருகிறது. பிரெஞ்சை 66.5-லிருந்து 76.5 வரையும், கடைசியில் நிற்கும் சிசிலியனை 50-லிருந்து 61 வரையும் வைக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில் இருக்கும் ஓப்பனிங்குகளின் வரிசையை நம்ப வேண்டாம், அது முன்பின் மாறலாம். மேலும் கீழும் இருப்பவற்றுக்கு இடையிலான தூரம் மட்டும் நிஜம்.

இன்னொரு விதமாகவும் கூட்டிப் பார்த்தேன். மூன்று சிசிலியன்களையும் சேர்த்தால் 300 ஆட்டத்தில் 170.5 புள்ளி, சுமார் 48 எலோ. இ4-இல் (ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துவதில்) தொடங்கும் மற்ற மூன்றை, அதாவது பிரெஞ்சு, ரூய் லோபஸ், காரோ-கான் ஆகியவற்றைச் சேர்த்தால் 201.5 புள்ளி, சுமார் 124 எலோ. எண்களைப் பார்த்த பிறகு பிரித்த பிரிவு இது என்பதால் இதிலிருந்து பெரிய தத்துவம் எதையும் எடுக்கக் கூடாது. ஆனால் ஒரு சோதனையாளர் தனக்குப் பிடித்த சிசிலியன் நிலைகளை மட்டும் கோப்பில் போட்டிருந்தால் என்ன எண் வந்திருக்கும், இன்னொருவர் சிசிலியனே வேண்டாம் என்று விட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்பதை இது காட்டுகிறது. இருவரும் நேர்மையானவர்கள், இருவரும் நிறம் மாற்றி ஆடவிட்டிருப்பார்கள்.

நிறம் மாற்றுவது எதைச் சரிசெய்கிறது, எதைச் சரிசெய்யவில்லை என்பதும் இதே அட்டவணையில் இருக்கிறது. கிங்ஸ் இண்டியனில் கறுப்பாக ஆடிய ஆல்ஃபாஸீரோவுக்கு ஒரு வெற்றிகூட இல்லை: 48 டிரா, 2 தோல்வி. ஐம்பதுக்கு 24, பாதிக்கும் கீழே. இதை மட்டும் பார்த்தவர் ஸ்டாக்ஃபிஷ்தான் பலம் என்று சொல்லியிருப்பார். நாற்காலியை மாற்றிப் போட்டால் வெள்ளையில் ஆல்ஃபாஸீரோ 16 வெற்றி, 34 டிரா. வெள்ளைக்குச் சற்று வசதியான நிலை அது, அவ்வளவுதான். அதே வெள்ளை இருக்கையில் ஒருவர் 16 வென்றார், மற்றவர் 2 வென்றார் என்று ஒப்பிட்டால் படம் நேராகிவிடுகிறது. இங்கே நிறமாற்றம் தன் வேலையைச் சரியாகச் செய்தது.

பிரெஞ்சில் கதை வேறு. வெள்ளையில் ஆல்ஃபாஸீரோ ஐம்பதில் 39 வென்றது. அதே வெள்ளையை ஸ்டாக்ஃபிஷ் கையில் கொடுத்தபோது ஒன்றுகூட வெல்லவில்லை, 4 தோற்றது. அப்படியானால் நிலை வெள்ளைக்குச் சாதகம் என்று சொல்லி முடிக்க முடியாது. மைய சிப்பாய்கள் பூட்டிக்கொண்டு, இடவசதி மெதுவாகப் பலன் தரும் நிலைகளை ஒரு இன்ஜின் புரிந்துகொண்டிருந்தது, மற்றது புரிந்துகொள்ளவில்லை என்பதே என் கணிப்பு. நிறமாற்றம் இதைத் தொடாது. இதைத் தொடுவது எத்தனை வகை நிலைகளைக் கோப்பில் வைக்கிறோம், எந்த விகிதத்தில் வைக்கிறோம் என்ற முடிவு.

பன்னிரண்டு என்ற எண்ணிக்கையையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கிலீஷில் கொடுக்கப்பட்டது வெள்ளையின் ஒரே ஒரு நகர்த்தல், சி4. மூன்று சிசிலியன்களும் கறுப்பின் இரண்டாவது நகர்த்தலில்தான் பிரிகின்றன. அடுத்த இரண்டு நகர்த்தலில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் போய்விடலாம். ஓப்பனிங் வகைப்பாட்டில் இ61 என்ற எண்ணில் கிங்ஸ் இண்டியன் என்று பெயரிட்ட நிலையில் கறுப்பு டி5 ஆடினால் அது க்ரூன்ஃபெல்ட் ஆகிவிடுகிறது. பெயர்ப்பலகை ஒன்று, உள்ளே நடக்கும் ஆட்டம் வேறாக இருக்கலாம். இவ்வளவு குட்டையான தொடக்கங்களில் இன்ஜின் எங்கே போகும் என்பதை இன்ஜினே முடிவு செய்கிறது.

ஒரு ஆட்டம், பக்கத்திலிருந்து

முதல் நூறு ஆட்டங்களில் குழு வெளியிட்டது பத்தை மட்டும். பத்தும் ஆல்ஃபாஸீரோ வென்றவை. அவற்றில் குயின்ஸ் இண்டியன் அடிக்கடி வருகிறது, ஸ்டாக்ஃபிஷ் புத்தகமில்லாமல் தன் விருப்பப்படி தேர்ந்தெடுத்துப் போன வழி அது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு ஆட்டம்.

ஆல்ஃபாஸீரோ வெள்ளை. டி4 என்று தொடங்குகிறது. ஸ்டாக்ஃபிஷ் இ6 என்று பதில் சொல்கிறது. ஆல்ஃபாஸீரோ இ4, ஸ்டாக்ஃபிஷ் டி5. டி4-இல் ஆரம்பித்த ஆட்டம் இரண்டே நகர்த்தலில் பிரெஞ்சு டிஃபென்ஸ். அட்டவணையில் ஸ்டாக்ஃபிஷ் நூற்றுக்கு 28.5 மட்டும் எடுத்த அதே ஓப்பனிங்குக்குள் யாரும் தள்ளாமல் தானாகவே நடந்து போயிருக்கிறது. வெள்ளை இ5 தள்ளி, எஃப்4 கொண்டுவந்து மையத்தைப் பூட்டுகிறது. காஸ்லிங் செய்யாமலே 17-வது நகர்த்தலில் ராஜாவை இ3-க்கு, பலகையின் நடுவுக்கே, கொண்டுவந்து வைக்கிறது. பூட்டிய மையத்துக்குப் பின்னால் ராஜா அங்கே பத்திரம் என்ற தீர்ப்பு அந்த இன்ஜினுடையது. பிறகு குதிரை ஜி5-க்குப் பாய, 30-வது நகர்த்தலில் ஜி6-இல் பிஷப் பலி.

இந்த ஆட்டத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம், இரண்டும் சரி. எந்த ஓப்பனிங்கைத் தேர்ந்தெடுப்பது என்பதும் செஸ் ஆடும் திறமைதான், பலவீனமான வழியை எடுத்தவன் அதற்கான விலையைக் கொடுத்தான் என்பது ஒன்று. முதல் நகர்த்தலைத் தேர்வு செய்யும் வேலைக்காக உருவாக்கப்படாத நிரலை அந்த வேலையில் நிறுத்தி, வந்த முடிவை அதன் தேடல் திறனுக்கும் மதிப்பீட்டுக்கும் மதிப்பெண்ணாகப் போட்டார்கள் என்பது மற்றொன்று. எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறோம் என்று முதலிலேயே எழுதிவைக்காததால்தான் இரு தரப்பும் மாதக்கணக்கில் வெவ்வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தன.

எழுந்த ஆட்சேபங்கள்

ஸ்டாக்ஃபிஷைத் தொடங்கியவர்களில் ஒருவர் வெளிப்படையாகவே கருத்துச் சொன்னார். நிலையான ஒரு நிமிடம் என்பதால் நேரத்தைப் பங்கிடும் திறமைக்கு வேலையில்லை, அத்தனை த்ரெட்டுக்கு ஹேஷ் மிகக் குறைவு, பயன்படுத்தியது ஒரு வருடப் பழைய பதிப்பு என்பவை அவர் சுட்டியவை. தொடக்க நிலை பற்றி நேரடியாகப் பேசியவர் வேறொரு இன்ஜினில் பங்குள்ள ஒரு கிராண்ட்மாஸ்டர். ஆல்ஃபாஸீரோ கற்கும்போதே தனக்கென ஓர் ஓப்பனிங் புத்தகத்தைக் கட்டிக்கொண்டது போலத்தான், ஆகவே நல்ல புத்தகம் உள்ள இன்ஜினோடு மோதவிடுவதே இன்னும் நியாயம் என்றார்.

அந்தக் கருத்து சரியான இடத்தைத் தொட்டது. புத்தகத்தை அணைப்பது இரு பக்கமும் சமமான விதி போலத் தோன்றுகிறது. கோப்பாக இருக்கும் புத்தகத்தை அணைக்கலாம், பயிற்சியிலேயே வலைப்பின்னலுக்குள் கரைந்துபோன புத்தகத்தை எப்படி அணைப்பது? நன் சோதனை வந்த காலத்தில் எல்லா இன்ஜின்களும் ஒரே மாதிரி கட்டப்பட்டவை. புத்தகம் தனி, இன்ஜின் தனி. அந்தப் பிரிவு இல்லாத ஓர் இன்ஜின் வந்ததும் பழைய விதி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

2018: மாற்றியவையும் காரணமும்

சுமார் ஒரு வருடம் கழித்து, 7 டிசம்பர் 2018 தேதியிட்ட சயன்ஸ் இதழில் முழுக் கட்டுரை வந்தது. ஸ்டாக்ஃபிஷுக்கு 44 கோர், 32 ஜிபி ஹேஷ், எண்ட்கேம் டேபிள்பேஸ் (சில காய்களே மிஞ்சிய நிலைகளுக்கான விடைத் தொகுப்பு). நேரம் ஆளுக்கு 3 மணி, நகர்த்தலுக்கு 15 விநாடி கூடுதல். முதன்மைப் போட்டி 1000 ஆட்டம்: 155 வெற்றி, 839 டிரா, 6 தோல்வி. 57.45 சதவீதம், சுமார் 52 எலோ. முந்தைய வருடத்து 100 எலோவோடு இதை நேராக ஒப்பிடக் கூடாது. ஹேஷும் நேரமும் இயந்திரமும் எல்லாம் சேர்ந்து மாறியிருக்கின்றன.

தொடக்க நிலை விஷயத்தில் குழு எடுத்த முடிவு எனக்கு முன்மாதிரியாகப் படுகிறது. ஒரே வகைத் தொடக்கத்தை நம்பாமல், முடிவு எல்லாச் சூழலிலும் நிற்கிறதா என்று பார்க்க, தனித்தனிப் போட்டிகள் வைத்தார்கள். பொதுவான மனித ஓப்பனிங்குகளிலிருந்து ஒரு தொடர். 2016 டிசிஇசி இறுதிச் சுற்றில் பயன்பட்ட நிலைகளிலிருந்து ஒரு போட்டி. ஸ்டாக்ஃபிஷின் அப்போதைய புதிய பதிப்போடு ஒன்று. வலுவான ஓப்பனிங் புத்தகம் வைத்திருந்த ஸ்டாக்ஃபிஷ் வகையோடு ஒன்று. எல்லாவற்றிலும் ஆல்ஃபாஸீரோ வென்றது. ஆட்டங்களும் பத்தோடு நிற்கவில்லை. 210 ஆட்டங்களை வெளியிட்டார்கள், அதில் 110 தொடக்க நிலையிலிருந்து, 100 டிசிஇசி நிலைகளிலிருந்து.

டிசிஇசி நிலைகளை எடுத்ததில் இரண்டு நன்மை. அவற்றை இந்தச் சோதனையில் அக்கறை உள்ள எந்தத் தரப்பும் தேர்வு செய்யவில்லை. இந்தப் போட்டி திட்டமிடப்படுவதற்கு முன்பே அவை அச்சிட்டதுபோல வெளியே இருந்தன, பிறகு யாரும் பொறுக்கி எடுத்ததாகச் சொல்ல முடியாது. ஆல்ஃபாஸீரோ எவ்வளவு முன்னணியில் இருக்கிறது என்ற எண் ஒவ்வொரு போட்டியிலும் மாறலாம். யார் முன்னணி என்பது மாறவில்லை. 2017-இல் கேட்கப்பட்ட கேள்விக்கு நம்பத் தகுந்த பதில் வந்தது இங்கேதான் என்பது என் எண்ணம்.

அதன் பிறகு

ஆல்ஃபாஸீரோ பொதுவெளிக்கு வரவில்லை. அதன் வழியைப் பின்பற்றித் திறந்த மூலமாக எழுதப்பட்ட லீலா, டிசிஇசி களத்தில் இறங்கியது. நிறம் மாற்றி ஆடும் 50 ஓப்பனிங் விதியின் கீழ் 2019 தொடக்கத்தில் நடந்த 14-வது சீசன் இறுதியில் ஸ்டாக்ஃபிஷ் 50.5–49.5 என்று மயிரிழையில் வென்றது. 10 வெற்றி, 9 தோல்வி, 81 டிரா. அதே ஆண்டு மே மாதம் 15-வது சீசனில் லீலா 53.5–46.5. ஆகஸ்ட் 2020-இல் ஸ்டாக்ஃபிஷும் என்என்யூஇ என்ற நரம்பு வலை மதிப்பீட்டை எடுத்துக்கொண்டது.

அப்புறம் பிரச்சினை வேறு பக்கம் திரும்பியது. இரு பக்கமும் இவ்வளவு பலமானதும், சமமான நிலையிலிருந்து தொடங்கினால் எல்லாம் டிரா. இரண்டு டிரா கொண்ட ஒரு ஜோடி ஆட்டம் எந்த இன்ஜின் பலம் என்று ஒன்றும் சொல்வதில்லை. நிரலில் செய்த நல்ல மாற்றம் ஒன்றை அடையாளம் காண்பதற்கே எண்ணற்ற ஆட்டங்கள் தேவைப்பட்டன. இந்த இடத்தில்தான் சோதிப்பவர்கள் பழைய எண்ணம் ஒன்றைக் கைவிட்டார்கள். தொடக்க நிலை இரு நிறத்துக்கும் சமமாக இருக்க வேண்டும் என்பது அதுவரை கேள்வி கேட்காத விதி. அதற்கு அவசியமே இல்லை என்று கண்டுகொண்டார்கள். வெள்ளைக்குத் தெளிவான சாதகம் உள்ள, ஆனால் வெற்றி உறுதியில்லாத நிலைகளை மனித ஆட்டங்களிலிருந்து திரட்டி, ஒவ்வொன்றையும் நிறம் மாற்றி இருமுறை ஆடவிட்டார்கள். இப்படித் தொகுத்த கோப்புகளுக்கு யுஎச்ஓ (சமமில்லாத மனித ஓப்பனிங்குகள்) என்று பெயர். டிசிஇசியில் ஓப்பனிங் தேர்வு செய்தவர்களும் சாய்வான, கூர்மையான வழிகளுக்கு மாறினார்கள். ஃபிஷ்டெஸ்ட்டும் அந்தக் கோப்புகளை ஏற்றுக்கொண்டது.

முதல்நாள் காலையில் பந்து தாறுமாறாகச் சுழலும் பிட்ச்சில் டாஸ் தோற்றவர் கதி என்ன என்று கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குத் தெரியும். அதே பிட்ச்சில் இரு அணிக்கும் ஒருமுறை முதலில் ஆட வாய்ப்புக் கொடுத்துவிட்டால், கெட்ட பிட்ச்தான் யார் நல்ல மட்டையாளர் என்று சீக்கிரம் காட்டும்.

எவ்வளவு சாய்வு என்பதில்தான் நுணுக்கம். சாய்வு குறைந்தால் இரண்டும் டிரா, ஜோடிக்கு 1–1. சாய்வு கூடிவிட்டால் வெள்ளையில் ஆடுபவர் ஆளுக்கொன்று வெல்வார், அதுவும் 1–1. டிராவுக்கும் வெற்றிக்கும் நடுவில் தள்ளாடும் நிலையில்தான் ஒருவர் வெள்ளையில் வென்று, கறுப்பில் தாக்குப்பிடித்து, 1.5–0.5 என்று ஜோடியை எடுத்துக்கொண்டு போவார். ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல் அதன் மதிப்பீட்டு எண் இதற்கு வசதியாக மாற்றப்பட்டது: 1.00 என்று காட்டினால் வெற்றி வாய்ப்பு 50 சதவீதம் என்று பொருள். அந்த எண்ணுக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும் நிலைகள்தான் சோதனைக்குச் செழிப்பானவை.

கணக்குப் போடும் முறையும் கூடவே மாறியாக வேண்டியிருந்தது. சாய்ந்த நிலையில் ஒரு ஜோடியின் இரண்டு ஆட்டங்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை: வெள்ளையில் நான் வென்றால், வெள்ளையில் நீயும் வெல்ல வாய்ப்பு அதிகம். தனித்தனி ஆட்டமாக எண்ணினால் பிழை அளவு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும், தேவைக்கு மேல் ஆடவிட்டு மின்சாரத்தை வீணாக்குவோம். அதனால் ஜோடியையே அலகாக வைத்து 0, 0.5, 1, 1.5, 2 என்ற ஐந்து முடிவுகளை எண்ணுகிறார்கள். ஜூன் 2023-இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 16-இன் வெளியீட்டுக் குறிப்பு தன் முன்னேற்றத்தை எலோவில் சொன்னதோடு நிற்காமல், தோற்பதைப்போல் 12 மடங்கு வரை ஜோடிகளை வெல்கிறது என்றும் சொன்னது. 2017-இல் இப்படி ஒரு அளவீடு பெரும்பாலோருக்குப் புரிந்திருக்காது.

இன்று நடத்தினால் எதை மாற்றலாம்

2017 போட்டியை இன்று நான் வடிவமைத்தால், கேள்வியை முதல் வரியில் எழுதிவிடுவேன். வெறும் பலகையிலிருந்து முழு ஆட்டத்தையும் யார் நன்றாக ஆடுகிறார் என்று தெரிய வேண்டுமா? அப்படியானால் தொடக்க நிலைதான் சரி, ஆனால் புத்தகம் வைத்துக்கொள்ள எதிராளிக்கு உரிமை கொடுக்க வேண்டும். கொடுத்த நிலையை யார் நன்றாகப் புரிந்துகொள்கிறார் என்று தெரிய வேண்டுமா? அப்படியானால் தொடக்க நிலையைத் தொடவே கூடாது. இரண்டையும் கேட்கலாம், எண்களைக் கலக்காமல் தனித்தனியே சொல்ல வேண்டும். குழு 2018-இல் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

ஒரு நிலையிலிருந்து நூறு ஆட்டம் ஆடுவதைவிட, நூறு ஆட்டத்துக்கு ஐம்பது நிலைகள் மேல். பிரெஞ்சு அட்டவணை போன்ற ஒற்றை ஓப்பனிங் விவரம் இன்ஜினை எழுதுபவருக்குப் பொக்கிஷம், தன் நிரல் எங்கே குருடு என்று அது காட்டிவிடும். யார் பலம் என்ற கேள்விக்கு அது உதவாது. நிலைகளைப் பெயரை வைத்து எண்ணாமல், கடைசியில் பலகையில் காய்கள் நிற்கும் அமைப்பை வைத்து ஒப்பிட்டு, வேறு வேறு வரிசையில் ஒரே இடத்துக்கு வரும் இரட்டைகளை நீக்க வேண்டும். பட்டியலை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வெளியிட வேண்டும். முடிவு வந்த பிறகு ஒரு நிலையைக்கூட எடுக்கவோ சேர்க்கவோ கூடாது. ஆட்டங்களில் சிலவற்றை மட்டும் பொறுக்கிக் கொடுப்பதற்குப் பதில் முழுக் கோப்பையும் கொடுத்துவிட்டால், சந்தேகப்படுபவர் தானே எண்ணிப் பார்த்துக்கொள்வார்.

சாய்வான கோப்பில் கிடைத்த எலோவையும் சமமான கோப்பில் கிடைத்த எலோவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதை இன்றும் அடிக்கடி பார்க்கிறேன். அது தவறு. சாய்வு கூடினால் டிரா குறைந்து அதே திறமை வித்தியாசம் பெரிய எண்ணாக வெளிவரும். எந்தக் கோப்பு என்று சொல்லாத எலோ எண்ணை நான் கணக்கில் எடுப்பதில்லை.

தீராமல் இருப்பது ஒன்று உண்டு. சாய்வு சரியா என்று அளக்க இன்று பெரும்பாலோர் எடுப்பது ஸ்டாக்ஃபிஷின் மதிப்பீட்டைத்தான். அதே ஸ்டாக்ஃபிஷ் போட்டியிலும் இருந்தால், அளவுகோல் போட்டியாளர் ஒருவருடையது என்று ஆகிவிடுகிறது. அது தவறாக மதிப்பிடும் நிலை வகைகள், 2017-இல் பூட்டிய மையங்கள் இருந்ததைப்போல, சல்லடையிலேயே விழாமலோ அளவுக்கு மீறி விழுந்தோ போகலாம். வேறு வகையில் கட்டப்பட்ட இரண்டு இன்ஜின்களிடம் தனித்தனியாகக் கேட்டு, இரண்டும் ஒத்துக்கொள்ளும் நிலைகளை மட்டும் எடுத்தாலும் முழுத் தீர்வு ஆகாது. இரண்டும் ஒத்துப்போகாத நிலைகள்தான் சோதனைக்கு மிகவும் சுவையானவை, அவையே வெளியே போய்விடும். இப்போதைக்கு நான் செய்வது, ஒத்துப்போகாதவற்றைத் தூக்கிப்போடாமல் தனிக் கோப்பாக வைத்து, அதன் முடிவைத் தனியாக எழுதுவது.